அடிவானம் தெரியாத நாட்கள்

ஜூலை 9, 2025, புதன்

நியூ ஜெர்சியில் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கிய பிறகு, என் உடலை நான் நம்பக்கூடாது என்பதை இன்றுதான் உணர்ந்தேன். வானில் பயிற்றுநர் என்னைத் தலைகுனிந்து கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். அவர் எங்கள் சிறு விமானமான செஸ்னாவை மெல்ல இடப்புறம் திருப்புவது முதலில் புரிந்தது. சற்று நேரத்தில் திருப்பம் நின்று நேராகப் பறப்பதாகவே தோன்றியது. பிறகு வலப்புறம் சாய்வதாக உறுதியாக நம்பினேன். கண் திறந்தபோது, சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானத்தில் இறக்கைகள் மட்டமாக இருந்தன. என் தோள்தான் இடப்பக்கம் சரிந்து கிடந்தது.

உட்காதின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம், திருப்பம் சில நொடிகள் சீராக நீடித்தால் குழலோடு சேர்ந்தே நகரத் தொடங்கிவிடுவதால், திரும்பிக்கொண்டிருப்பதே தெரியாமல் போகிறது. திருப்பத்தை நிறுத்தும்போது எதிர்ப்புறம் திரும்புவதான உணர்வு எழுகிறது. தரையும் வானும் தெரியும்வரை கண் இதைத் திருத்திக்கொண்டே இருக்கும். மூட்டத்துக்குள் திருத்த யாருமில்லை.

ஜூலை 12, சனி

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைப் படித்தேன். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில்லாத 20 பேருக்கு வெளிக்காட்சி மறைக்கப்பட்டது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில், ஒருவர் 20 நொடிகளிலேயே. பெரும்பாலோர் விழுந்தது சுருள் வீழ்ச்சியில். சாய்ந்திருக்கும் விமானம் உயரம் இழப்பதைக் கண்டு, சாய்வை அறியாத விமானி மூக்கைத் தூக்க, கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கை இழுக்கிறார். இழுக்க இழுக்கச் சுருள் இறுகுகிறது. பிழைக்க வேண்டும் என்று கை செய்யும் காரியமே ஆளைக் கொல்கிறது என்பதை எண்ணி வெகுநேரம் உறங்கவில்லை.

ஜூலை 16, புதன்

26 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், இதே மாநிலத்தின் எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்திலிருந்து இரவு 8:38க்கு அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தம் மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் பைப்பர் சரடோகா என்ற சிறு விமானத்தில் புறப்பட்டார். புயலோ மழையோ இல்லை. கண்பார்வைப் பறத்தலுக்கு விதி இடம் தந்தது. கடலுக்கு மேல் மூட்டமும் இருளும் சேர்ந்து அடிவானத்தை அழித்திருந்தன. மார்த்தாஸ் வினியார்ட் தீவை நெருங்கிய கடைசி நேரத்தில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியதை ராடார் பதிவு காட்டியது. விசாரணை, விமானி திசையுணர்வை இழந்ததையே மூவரும் இறந்த அந்த விபத்துக்குக் காரணமாகக் கண்டது.

இதை அசட்டுத் துணிச்சல் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்பில்லை. அவருக்கு 300 மணி நேரத்துக்கும் மேலான அனுபவம் இருந்தது. கருவிப் பயிற்சியும் பாதியளவு முடித்திருந்தார். வானிலை அறிக்கையில் எத்தனை மைல் தெரிகிறது என்பது வேறு, இறக்கையை எதனோடு ஒப்பிட்டு மட்டமாக வைப்பது என்பது வேறு.

ஜூலை 20, ஞாயிறு

தனியாகப் பறக்க வேண்டிய நாள். அறிவிக்கப்பட்ட பார்வைத் தொலைவு 4 மைல். மாணவனுக்கு விதிப்படி வேண்டியது 3. பயிற்றுநர் முடிவை என்னிடமே விட்டார். ஓடுதள விளிம்பில் நின்று பார்த்தேன். எதிரிலிருந்த குன்றின் அடிவாரம் தெரிந்தது. அதன் முகடு எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. விமானத்தைத் தரையோடு பிணைக்கும் கயிறுகளை மீண்டும் இறுக்கிக் கட்டிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தேன்.