வாஷிங்டனில் ஒரு செமஸ்டரும் ஒரு தொலைபேசி மேசையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுவதும் வாஷிங்டனில் தங்கிப் பணியும் படிப்புமாக இருக்கும் ஏற்பாடு உண்டு. அந்நகரிலேயே உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம் 1947-லேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பகலில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப், மாலையில் வகுப்பு, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரை என்பதே வழக்கமான அமைப்பு. எனக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் ஒருவரது அலுவலகத்தில் இடம் கிடைத்தது.

பார்வையாளர்களை நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்குள் அழைத்துச் சென்று காட்டுவதும், குழு விசாரணைகளில் அமர்ந்து குறிப்பெடுப்பதும் விரும்பத்தக்க வேலைகள்தாம். ஆயினும் என்னை மாற்றியது தொலைபேசி மேசை. ஒரு மசோதாவை ஆதரிக்கச் சொல்லியோ எதிர்க்கச் சொல்லியோ தொகுதி மக்கள் அழைப்பார்கள். பெயர், ஊர், கருத்து மூன்றையும் கணினியில் பதிய வேண்டும். ஓய்வூதியம் திடீரென நின்றுபோன முதியவர்களும், மருத்துவ உதவிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் முன்னாள் படைவீரர்களும், பயண நாள் நெருங்கியும் பாஸ்போர்ட் வராதவர்களும் அழைக்கும்போது, அவர்களைத் தொகுதி அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கும் ஊழியர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். அழைப்பவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவருடைய சொற்களைச் சிதைக்காமல் இரண்டு வரிகளில் எழுதுவது எளிதன்று. மக்களாட்சியைப் பற்றி நான் படித்த பாடங்களுள் மிக நேரடியானது அதுவே என்று கருதுகிறேன்.

அழைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய அஞ்சல் குறியீட்டு எண். நம் தொகுதிக்காரர் இல்லையென்றால், உங்கள் உறுப்பினரை அழையுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த விதியில் ஒளிந்திருந்த கேள்வியை எனக்குக் காட்டியது மாலை வகுப்பு: நாங்கள் குடியிருந்த அந்த நகரத்தின் மக்கள் யாரை அழைப்பார்கள்? 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர். வயோமிங்குக்கு மேலவையான செனட்டில் உறுப்பினர்கள் இருவர் உண்டு. தலைநகருக்கு ஒருவரும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு பேராளர் இருக்கிறார், மசோதாவின் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கில்லை.

என் ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன். 1801-இல் இப்பகுதி முழுமையாக நாடாளுமன்றத்தின் ஆட்சிக்குள் வந்ததோடு, அங்கே வாழ்ந்தவர்கள் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் குடிமக்களாக வாக்களித்துவந்த உரிமை போயிற்று. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1961-இன் 23-ஆம் திருத்தத்தால்தான் கிடைத்தது. 1973-இன் தன்னாட்சிச் சட்டம் மேயரையும் நகர மன்றத்தையும் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. எனினும் மன்றம் இயற்றும் சட்டங்களை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்யலாம். 2023-இல் நகரின் புதிய குற்றவியல் சட்டத் தொகுப்புக்கு அப்படித்தான் நேர்ந்தது.

இவற்றைத் தேடிப் படிக்க வாஷிங்டனைவிடத் தகுந்த இடமில்லை. நாடாளுமன்ற நூலகத்தில் 16 வயது நிரம்பிய எவரும் இலவசமாக வாசகர் அட்டை பெறலாம். குழு விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே செல்லும் மாணவர்கள் அலுவலக நேரம் முடிந்தபின் விருந்துகளுக்கும் அறிமுகங்களுக்கும் செலவிடும் மாலைகளில் பாதியையேனும் அந்த வாசிப்பு அறைகளுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செல்வதற்கு முன் ஊதியத்தைப் பற்றி அவசியம் விசாரியுங்கள். அலுவலகங்கள் இன்டர்ன்களுக்கு ஊதியம் தருவதற்கென்றே 2019 நிதியாண்டு முதல் பிரதிநிதிகள் சபை தனி நிதி ஒதுக்குகிறது. ஆனாலும் ஒவ்வோர் அலுவலகமும் தரும் தொகை வேறுபடும், வாடகையோ மிக அதிகம்.

தலைநகரை மாநிலமாக்கும் மசோதா 2020-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அரசியலமைப்புத் திருத்தமின்றி இதைச் செய்ய முடியாது என்ற எதிர்வாதத்தையும் கட்டுரையில் விரிவாக எழுதினேன், ஏனெனில் 23-ஆம் திருத்தம் எழுப்பும் சிக்கல் உண்மையானது: நகரம் மாநிலமானபின் எஞ்சும் சிறு அரசுப் பகுதிக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் அத்திருத்தம் தரும் பங்கு தொடரும். அச்சிக்கலைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துடையது. அது தீரும்வரை நாடாளுமன்றத்தில் வாக்கின்றி இருக்கும்படி ஏறத்தாழ ஏழு லட்சம் பேரிடம் சொல்வது நியாயமாகாது என்றே முடித்தேன், இன்றும் அதையே சொல்வேன்.