இடவப்பாதியில் ஓர் ஈரநீக்கி

மே 29, 2025

தென்மேற்குப் பருவமழை இவ்வாண்டு மே 24-ஆம் நாளே கேரளத்தில் தொடங்கிவிட்டதால், இடவப்பாதிக்கு, அதாவது இடவ மாதத்தின் பாதியில் தொடங்கும் மழைக்கு, முன்பு முடித்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த வேலை மழைக்குள்ளேயே நடக்க வேண்டியதாயிற்று. குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டின் முன்கட்டு ஓடு வேய்ந்தது; பின்கட்டு பிற்காலத்தில் எழுப்பிய கான்கிரீட் அறைகள். பாட்டனார் விட்டுச்சென்ற வர்ம ஏடுகளும் மருத்துவ ஏடுகளும் விறகடுப்பு எரிந்த காலம் வரை அடுக்களைப் பரணில் புகையும் சூடும் பட்டுக் கிடந்தன. கேஸ் அடுப்பு வந்தபின் அவை பின்கட்டு அலமாரிக்கு மாறின, அன்றுமுதல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவற்றின் விளிம்பில் வெண்பூசணம் பிடிக்கிறது. புல்தைலம் தடவுவதும் வசம்பு வைப்பதும் பூச்சியைத் தடுக்கின்றன; காற்றிலுள்ள ஈரத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனவே அலமாரிக்கு மட்டுமன்றி, பின்கட்டு முழுவதற்குமாக ஒரே ஈரநீக்கி, அதாவது டீஹியூமிடிஃபயர், பொருத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

ஜூன் 1

எந்திரம் வாங்குமுன் ஈரமானியை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. குப்பி மூடி ஒன்றில் சாதாரண உப்பை இட்டு, கரைந்துபோகாமல் சேறுபோல் நிற்கும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, அதையும் ஈரமானியையும் இறுக மூடும் டப்பாவுக்குள் இரவு முழுவதும் வைத்தேன். அத்தகைய ஈர உப்புக்கு மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டிலேயே நிற்கும் என்பது இயற்பியல். காலையில் மானி 79 காட்டியது. ஆகவே அது காட்டும் எண்ணில் நான்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்துப் பார்த்தாலும் ஏட்டு அலமாரிக்குள் 85. பூசணம் வளர 75-க்கு மேல் சில நாள் நின்றாலே போதும்.

ஜூன் 6

நாகர்கோவிலிலிருந்து வந்த மெக்கானிக் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், பெரிய மெஷினா ஒண்ணு போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்” என்றார். பெரியது என்றால் எவ்வளவு பெரியது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். பின்கட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 250 கன மீட்டர். 28 டிகிரியில் ஈரப்பதம் 85 விழுக்காடாக இருக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். அதை 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 15 கிராம் எஞ்சும். எட்டு கிராம் வீதம் வெளியேற வேண்டிய நீர் மொத்தமே 2 லிட்டர்தான்! ஆனால் வெண்டிலேட்டர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால், வெளிக்காற்றோடு நாளொன்றுக்கு 24 லிட்டர் மிகைநீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவைப் பாதியாக்கினால் எந்திரத்தின் சுமையும் பாதியாகும். பெரிய எந்திரம் வாங்குவதைவிடச் சன்னலை அடைப்பது மலிவு என்பதை மெக்கானிக்கும் மறுக்கவில்லை.

ஏசியே போதாதா என்று மருமகன் தொலைபேசியில் கேட்டார். வெயில் காலத்தில் போதும். சாரல் பெய்து அறை தானாகவே 26 டிகிரிக்கு இறங்கிக் கிடக்கும் நாளில், கேட்ட குளிர் வந்துவிட்டதென்று ஏசியின் கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கிவிடும். ஈரநீக்கி குளிரை இலக்காக வைத்து ஓடுவதில்லை; குளிர்ந்த சுருளில் நீரை வடித்துவிட்டு, அதே காற்றைச் சூடான சுருள் வழியே அனுப்பி அறைக்குத் திருப்பித் தருகிறது.

முன்கட்டைச் சேர்க்கவில்லை. ஓட்டு வீடு காற்றோடுவதற்கென்றே கட்டப்பட்டது. பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை இத்தனை மழைக்காலங்களைத் தாண்டி நிற்பதற்கும் அழிகள், அதாவது சன்னலின் மரச்சட்டங்கள், வழியே ஓயாமல் ஓடும் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே ஈரத்தை வற்றச் செய்ததில்லை, தங்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். திறந்த கட்டில் ஈரநீக்கி வைப்பது அரபிக்கடலையே உலர்த்தப் புறப்படுவதாகும்.

ஜூன் 10

வெண்டிலேட்டர்களுக்குக் கண்ணாடி, வெளிக்கதவடிக்கு ரப்பர் பட்டை, முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையே தானாக மூடும் கதவு. அடுக்களையும் துணி காயப்போடும் சாய்ப்பும் இந்த அடைப்புக்கு வெளியிலேயே இருக்கும். வடக்குச் சுவரின் ஓதத்துக்குக் காரணமான மழைநீர்க் குழாயும் மாற்றப்பட்டது.

ஜூன் 19

எந்திரம் வந்தது. அட்டையில் நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், அது 30 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள காற்றில் எடுத்த அளவு. காற்று உலர உலர அதே எந்திரம் வடிக்கும் நீரும் குறையும். 27 டிகிரி, 60 விழுக்காட்டில் ஏறத்தாழப் பாதிதான் தேறும். நாங்கள் நிறுத்த நினைப்பது 55-இல் என்பதால், அந்தப் பாதியை வைத்தே வாங்கினோம்.

நடைவழியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தொங்கவிடலாம் என்றார் மெக்கானிக். ஃபில்டரைக் கழற்ற ஒவ்வொரு முறையும் ஏணி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் ஸ்டோர் ரூமில் பலகை மேல் வைத்து, டக்ட் மட்டும் மேலே கொண்டுபோனோம். ஏட்டு அறைக்கு ஒரு வாய், படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று, நடைவழியில் காற்று எந்திரத்துக்குத் திரும்பும் ஜாலி, அதாவது துளையிட்ட தடுப்பு. அறைக்கதவு சாத்தியிருந்தாலும் காற்று திரும்பிவர வழி வேண்டும் என்பதால் உள்கதவுகளின் அடியில் ஒரு விரல் இடைவெளி விடப்பட்டது.

அதிக நேரம் பிடித்தது வடிகுழாய். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு குறையாமல் பிவிசி குழாயை வெளியே எடுத்து, இடையில் நீர் தேங்கி நிற்கும் வளைவு ஒன்று வைத்து, வாழை மூட்டில் கொண்டு விட்டோம். அந்த வளைவு இல்லாவிட்டால் விசிறியின் உறிஞ்சலில் வெளிக்காற்று குழாய்வழியே ஏறி, நீர் இறங்காமல் தட்டிலேயே நிரம்பும்.

ஜூன் 21

நிற்காமல் ஓடுகிறது. காற்றிலுள்ள நீர் மட்டும் என்றால் சில மணி நேரத்தில் முடிந்திருக்கும். சுவரும் மெத்தையும் புத்தகமும் மரச்சாமானும் இத்தனை காலம் குடித்து வைத்ததையெல்லாம் இப்போதுதான் விடுகின்றன. அறைகள் சற்றுச் சூடாகவும் இருக்கின்றன. ஒரு லிட்டர் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை விடுகிறது, கம்ப்ரசரின் சூடு அதற்கு மேல். மின்விசிறியின் கீழ் அது தெரியவில்லை என்கிறாள் மனைவி; எனக்குத் தெரிகிறது.

வாளியில் பிடித்த நீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமே என்றார் எலக்ட்ரீசியன். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் சுருளின் உலோகத் துகளும் தூசியும் கலந்த நீர் அது. வாழைக்கே போகட்டும்.

ஜூலை 4

அலமாரிக்குள் 57. பூசணத்தை மென்தூரிகையால் துடைத்தெடுத்த ஏடுகளில் அது மீண்டும் வரவில்லை. மழைக்காலம் தோறும் தோளால் இடித்துத் திறந்த அயனி மரக் கதவு இப்போது ஒரு கையால் திறக்கிறது, தாழ்ப்பாளும் துளையில் நேராக இறங்குகிறது. 50 வரை இறக்கிப் பார்க்கலாம் என்று மெக்கானிக்குக்கு ஆசை. ஓலை அளவுக்கு மீறி உலர்ந்தால் நெகிழ்வு போய், புரட்டும்போது துளையோரம் கீறும் என்பதால் நான் உடன்படவில்லை. ஏட்டுக்கு ஈரம் எவ்வளவு பகையோ, அதே அளவு பகை ஏற்ற இறக்கம்.

ஆகஸ்ட் 17

மின்கணக்கு. எந்திரம் ஓடும்போது 700 வாட் இழுக்கிறது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் அளவு. வீட்டின் வழக்கமான செலவோடு சேர்த்தால் 500-ஐத் தாண்டும், தாண்டினால் மிகையான யூனிட்டுக்கு மட்டுமன்றிக் கீழ்ப்படிகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடும். ஆகவே இன்று இலக்கை 55-இலிருந்து 60-க்கு உயர்த்தினேன். குளியலறை எக்ஸாஸ்டுக்கு அரைமணி டைமரும் போட்டாயிற்று, ஏனெனில் அது ஓடும் நேரமெல்லாம் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக ஈரக்காற்று இடுக்குகளில் நுழைகிறது. ஃபில்டரைக் கழுவியபோது சாம்பல்நிறப் படலம் விரல்தடிப்பில் கையோடு வந்தது. ஐப்பசி மழைக்குமுன் சுருளையும் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.