எபிசோட் 1, எபிசோட் 2, எபிசோட் 3...

வீட்டு மீடியா சர்வரில், அதாவது நம் வீடியோ ஃபைல்களை வரிசைப்படுத்தி டிவியிலும் போனிலும் காட்டும் மென்பொருளில், ஒரு தொடரைத் திறந்தால், வருகைப்பதிவேடு மாதிரி வெறும் எண்கள் வரிசையாக நிற்கும். எபிசோட் 1, எபிசோட் 2, எபிசோட் 3. படம் ஓடும், சப்டைட்டில் வரும், தலைப்பு மட்டும் இருக்காது. "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள் வீட்டில். அடுத்த வாரம் அதே ஆட்கள்தான் வந்து "கலங்கரை விளக்கத்துல ஒருத்தன் மாட்டிக்குவானே, அது எத்தனாவது?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தேடுவது என் தலையில் விழும். அதனால் தலைப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

நான் வைத்திருப்பது ஜெல்லிஃபின். 2018 கடைசியில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். இதே வேலை செய்யும் பிளெக்ஸ் (Plex), கோடி (Kodi) வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான், பட்டன்களின் பெயரும் இடமும் மாறும்.

தலைப்பு காணவில்லை என்றதும் பலர் ரெஃப்ரெஷ் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அதற்கு முன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபைலின் பெயர் அப்படியே, எஸ்01இ05 (S01E05, அதாவது சீசன் 1, எபிசோட் 5) உட்பட, தலைப்பாக நிற்கிறதா? அப்படியென்றால் சர்வருக்கு அந்த எபிசோட் எதுவென்றே பிடிபடவில்லை. "எபிசோட் 5" என்று சுத்தமாக இருக்கிறதா? பெரும்பாலும் எபிசோடைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது, சர்வர் விவரம் கேட்கும் இணையத் தரவுத்தளத்தில்தான் பெயர் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

முதல் வகை சுலபம். சர்வர் வீடியோவைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்வதில்லை. ஃபோல்டர் பெயரிலிருந்து தொடரின் பெயர், ஆண்டு; ஃபைல் பெயரிலிருந்து சீசன் எண், எபிசோட் எண். இவ்வளவையும் எடுத்துக்கொண்டு டிஎம்டிபி, டிவிடிபி மாதிரியான தரவுத்தளங்களில் போய்க் கேட்கும். ஃபைலுக்கு "பகுதி ஐந்து இறுதி புதியது" என்று பெயர் வைத்தால் பாவம், அது என்ன செய்யும்? தொடருக்கு ஒரு ஃபோல்டர், அதன் பெயரிலேயே ஆண்டு, உள்ளே சீசன் வாரியாக ஃபோல்டர், ஃபைலில் எஸ்01இ05 என்ற வடிவம். சிறப்பு எபிசோடுகள் சீசன் 00-இல் போகும். ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் இருந்து தவறானதைப் பிடித்துக்கொண்டால், தொடரின் மெனுவில் ஐடென்டிஃபை போய் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இரண்டாம் வகையில் நான் முதலில் சந்தேகப்படுவது மொழியை. லைப்ரரிக்கு (சர்வரில் நாம் சேர்த்திருக்கும் தொகுப்புக்கு) மெட்டாடேட்டா, அதாவது தலைப்பு, சுருக்கம் போன்ற விவரங்களின் மொழியாகத் தமிழ் என்று ஆசையாகக் கொடுத்திருப்போம். டிஎம்டிபியில் விவரம் சேர்ப்பவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தான். அந்தத் தொடருக்கு யாரும் தமிழில் தலைப்பு எழுதவில்லை என்றால் எண் மட்டும்தான் திரும்பி வரும். அந்தத் தொடருக்கு மட்டும் எடிட் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும், மொத்த லைப்ரரியையும் மாற்ற வேண்டாம். நேரம் கிடைத்தால் டிஎம்டிபியில் கணக்குத் தொடங்கித் தமிழ்த் தலைப்பை நீங்களே சேர்க்கலாம். நான் சிலவற்றுக்குச் செய்திருக்கிறேன்; கை வலிக்கும் வேலை.

அடுத்த சந்தேகம் நேரம். புதிதாக ஒளிபரப்பாகும் தொடர் என்றால், சர்வர் போய்க் கேட்ட அன்று தலைப்பை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். மறுநாள் நிரப்பியிருப்பார்கள், ஆனால் நாம் சொல்லாவிட்டால் சர்வர் மறுபடி போய்க் கேட்காது. இங்கேதான் ஒரு வேடிக்கை. "சர்ச் ஃபார் மிஸ்ஸிங் மெட்டாடேட்டா" கொடுத்தால் ஒன்றும் நடக்காது. "எபிசோட் 5" என்பதும் ஒரு தலைப்புதானே, சர்வர் கணக்கில் எதுவும் குறையவில்லை! "ரீப்ளேஸ் ஆல் மெட்டாடேட்டா" கொடுங்கள், படங்களை மாற்றும் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். லைப்ரரி அமைப்பில் 30, 60, 90 நாளுக்கொரு முறை தானாகப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு.

தலைப்பு வந்தும் பொருந்தாமல் இருப்பதுதான் உண்மையான தலைவலி. டிவிடியிலிருந்து எடுத்த பழைய தொடர்களில் இது அதிகம். ஒளிபரப்பான வரிசை ஒன்று, டிஸ்கில் இருக்கும் வரிசை வேறு. ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்கத் தொடர் இதற்குப் பேர்போன உதாரணம். முதல் எபிசோடாக எடுக்கப்பட்ட செரினிட்டியைத் தொலைக்காட்சியில் 2002 டிசம்பரில், அப்போது ஒளிபரப்பான மற்றவற்றுக்கெல்லாம் பிறகு காட்டினார்கள். டிவிடியில் அதுவே முதலில். தரவுத்தளம் ஒரு வரிசையையும் உங்கள் ஃபைல்கள் இன்னொன்றையும் பின்பற்றினால், ஒவ்வொரு தலைப்பும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தொடரின் எடிட் பக்கத்தில் டிஸ்ப்ளே ஆர்டர் என்று இருக்கிறது. அதில் டிவிடி வரிசையைத் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டாவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். தரவுத்தளத்தில் அந்தத் தொடருக்கு டிவிடி வரிசையை யாரும் பதிந்திருக்கவில்லை என்றால் ஃபைல் எண்களைத்தான் மாற்றியாக வேண்டும். அந்த வேலையில் எபிசோடின் முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டி, கதைச் சுருக்கத்தோடு ஒப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. நீளத்தை வைத்து ஊகிக்காதீர்கள், பெரும்பாலானவை நாற்பத்துச் சொச்ச நிமிடம்தான்.

டிஸ்கிலிருந்து எடுத்த எம்கேவி (MKV) வகை வீடியோ ஃபைல்களில் இன்னொரு தொல்லை: ஃபைலுக்குள்ளேயே ஒரு தலைப்பு பதிந்திருக்கும், அது டிஸ்கின் பெயர். லைப்ரரி அமைப்பில் உள்ளே பதிந்த தலைப்புக்கு முன்னுரிமை கொடுக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிடிவாதம் பிடித்தால், எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற மென்பொருளில் இருக்கும் எம்கேவிப்ராப்எடிட் என்ற கருவி அந்தத் தலைப்பை நொடியில் அழித்துவிடும், வீடியோவைத் திரும்ப என்கோட் செய்ய வேண்டியதில்லை.

எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை கடைசியாக. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கதை சொல்வதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இதற்குத் தனி லைப்ரரி வைத்து, இணையத்திலிருந்து விவரம் எடுக்கும் டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு என்எஃப்ஓ (.nfo) ஃபைல், விவரங்களை நாமே எழுதி வைப்பது. அது சாதாரண எக்ஸ்எம்எல் எழுத்துதான்: தலைப்பு, சீசன், எபிசோட், சுருக்கம், அவ்வளவே. கோடியிலிருந்து வந்த வடிவம் இது, ஜெல்லிஃபினும் படிக்கும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தமிழ் எழுத்து உடையாது.

தலைப்பு வைப்பதுதான் பெரும்பாடு. பெரியவர் சொன்னதில் முக்கால்வாசி ராஜா கதை. "ராஜா கதை", "இன்னொரு ராஜா கதை" என்று வைத்தால் எண்ணே தேவலாம். பிள்ளைகளிடம் விட்டேன். "கிணத்துல விழுந்த ராஜா", "மீசை போன ராஜா" என்று பிரித்துவிட்டார்கள். மீசை கதைக்கு மட்டும் இன்னும் தகராறு ஓய்ந்தபாடில்லை. போனது மீசை இல்லை, கிரீடம் என்று சின்னவள் அடிக்கடி அந்த ஃபைலைத் திறந்து தலைப்பை மாற்றிவிடுகிறாள்.