180 மீட்டர் ஆரஞ்சு கேபிள்

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டேஷன் கொடுப்பதற்கு முன் கேபிளின் மேல் உறையில் அச்சடித்திருந்ததைக் குனிந்து படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். சர்வர் ரூமிலிருந்து பின்னால் இருக்கும் ஷெட் வரை ஒரு ஆரஞ்சு கலர் ஃபைபர் (வெளிச்சத்தில் டேட்டா அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள்) பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. வினாடிக்கு 1 கிகாபிட், ஒரு புகார் கிடையாது. கேமராக்கள் கூடிப் போச்சு, 10 கிகாபிட் வேண்டும் என்றார்கள். ஃபைபர்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இரண்டு பக்கமும் சுவிட்சை மாற்றி, சிக்னலை லேசர் வெளிச்சமாக்கி அனுப்பும் 10ஜி எஸ்.ஆர். மாட்யூலைச் செருகினால் வேலை முடிந்தது என்று நினைத்து, விலை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

செருகினேன். பச்சை விளக்கும் எரிந்தது. டீ குடித்துவிட்டு வந்து போர்ட்டைப் பார்த்தால் சி.ஆர்.சி. பிழை (கெட்டுப்போய் வந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து பார்த்தேன்; பாதியில் நின்றது. லிங்க் விழுந்தது, தானே எழுந்தது, மறுபடி விழுந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாகப் பவர் மீட்டருக்குத்தான் போகும். வெளிச்சத்தின் பலத்தை டி.பி.எம். கணக்கில் காட்டும் கருவி அது; மைனஸ் எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. அனுப்பும் பக்கம் மைனஸ் 2.4 டி.பி.எம்., வாங்கும் பக்கம் மைனஸ் 5.6. கேபிளையும் மாட்யூலையும் இணைக்கும் குட்டை இழையாக அக்வா கலர் பேட்ச் கார்டைப் போட்டிருந்தேன். அதன் உள்கரு (வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி) 50 மைக்ரான், பழைய கேபிளுக்கோ 62.5. பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்குத் தண்ணீர் விட்டால் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்? கார்டை மாற்றியதும் மைனஸ் 4.3 ஆனது. மாட்யூலுக்கு மைனஸ் 9.9 வந்தாலே போதும். அதாவது வெளிச்சம் தாராளமாக வருகிறது. பிழை மட்டும் குறையவில்லை. இழையில் முறிவைத் தேடும் ஓ.டி.டி.ஆர். கருவியை வைத்தும் பார்த்தாகிவிட்டது: முறிவு இல்லை, நெளிவு இல்லை, கோடு வழுவழுவென்று கிடக்கிறது.

பக்கத்தில் மில் எலக்ட்ரீஷியன் அண்ணன். கேபிள் போட்ட நாளிலிருந்து அங்கே இருப்பவர். "ஏனுங் தம்பி, லைட்டு நல்லாத்தான வருதுங்கற? அப்பறம் என்னங் கோளாறு?"

நியாயமான கேள்வி. அப்போதுதான் டார்ச் அடித்து உறையைப் படித்தேன். 62.5/125, அதாவது உள்கருவும் அதைச் சுற்றிய கண்ணாடியும் மைக்ரானில். ஓ.எம்.1, மல்டிமோடு ஃபைபரில் பழைய ரகம். மீட்டர் குறிகளைக் கழித்துப் பார்த்தால் 180 மீட்டர். அந்த ரகக் கேபிளில் 10ஜி எஸ்.ஆருக்குத் தரநிலை அனுமதிப்பது 33 மீட்டர்!

அண்ணனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மல்டிமோடு ஃபைபரின் உள்கரு கிட்டத்தட்ட ஒரு தலைமுடிப் பருமன். வெளிச்சத்துக்கு அது அகலமான சாலை. ஒரு கதிர் நடுவில் நேராகப் போகும், இன்னொன்று ஓரம் வரை போய்த் திரும்பித் திரும்பி வரும். 850 நானோமீட்டர் ஒளிக்கு ஓ.எம்.1 ஃபைபரில் இப்படிச் சுமார் ஆயிரம் வழிகள். அதைத்தான் மோடு என்கிறார்கள். உள்கரு முழுக்க ஒரே சீரான கண்ணாடியாக இருந்தால் என்ன ஆகும்? ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோ வினாடி. சுற்றிப் போகும் கதிருக்கு 1 சதவீதம் தூரம் கூடினால் 50 நானோ வினாடி தாமதம். 1 கிகாபிட்டில் ஒரு பிட்டின் ஆயுளே 1 நானோ வினாடிதான். ஒரு துடிப்பு அனுப்பினால் அந்தப் பக்கம் 50 துடிப்பு அகலத்துக்குப் பரவி, முன்னால் போனதையும் பின்னால் வருவதையும் பூசி மெழுகிவிடும்.

இதற்கு ஒரு அழகான வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஒளிவிலகல் எண்ணை (அது கூடினால் ஒளி மெதுவாகப் போகும்) நடுவில் கூடுதலாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் குறைவாகவும் வைப்பது. 1960களிலேயே இதைச் சொன்னவர்களில் ஜப்பானின் டொஹோகு பல்கலைக்கழகத்து ஜூனிச்சி நிஷிசாவாவும் ஒருவர். ஒரு ஊர் பைபாஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போகும் வழி குறுக்கு, ஆனால் நத்தை வேகம். பைபாஸ் சுற்று, ஆனால் பறக்கலாம். இரண்டு பஸ்ஸும் அந்தப் பக்கம் சேரும்போது நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணின் வளைவு பிசகில்லாமல் அமைந்தால் அந்த 50 நானோ வினாடி, கணக்குப்படி 0.1 நானோ வினாடிக்கும் கீழே இறங்கிவிடும்.

பிசகில்லாமல் அமைந்தால். சிக்கலே அங்கேதான். பழைய ஃபைபர்கள் பலவற்றில் உள்கருவின் நட்டநடுவில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் ஜெர்மானியம் கலந்த படலம் படிய வைத்து, பிறகு குழாயைச் சூட்டில் சுருக்கி மூடுவார்கள். அப்போது கடைசிப் படலத்து ஜெர்மானியம் கொஞ்சம் ஆவியாகிவிடும். விளைவு, மையத்தில் ஒளிவிலகல் எண் இறங்கிப்போகும். எல்.இ.டி. விளக்கால் சிக்னல் அனுப்பிய காலத்தில் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்.இ.டி. வெளிச்சத்தை உள்கரு முழுக்க நிரப்பும். ஆயிரம் வழியில் நாலைந்து கெட்டால் தெரியாது. லேசர் அப்படியல்ல, ஊசிமுனை மாதிரி சில வழிகளில் மட்டும் இறங்கும். அந்தச் சில வழிகள் பள்ளத்தில் விழுந்தால், ஒரே துடிப்பு அந்தப் பக்கம் இரண்டாகப் பிளந்து வருவதும் உண்டு. அன்றைக்குப் பேட்ச் கார்டை லேசாக அசைத்தாலே பிழை எண்ணிக்கை கூடுவதும் குறைவதுமாக இருந்தது. இறங்கும் வழிகள் மாறுகின்றன, அவ்வளவுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேட்ச் கார்டு கையில் கிடைத்தது. நாலு காலில் மூன்று ஆரஞ்சு, ஒன்று மஞ்சள். ஃபாக்டரியில் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் தலைகீழாகச் செருகிவிட்டேன். லிங்க் எழவே இல்லை. "டேய், மஞ்சள் கால் டிரான்ஸ்மிட்டுக்குடா" என்று சீனியர் தலையில் தட்டினார். அது மோடு கண்டிஷனிங் கார்டு. மஞ்சள் சிங்கிள் மோடு (ஒளிக்கு ஒரே வழி மட்டும் உள்ள) இழையை ஆரஞ்சு இழையின் மையத்திலிருந்து சுமார் 20 மைக்ரான் வேண்டுமென்றே தள்ளி ஒட்டியிருப்பார்கள், லேசர் அந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்க. கோணலாக ஒட்டினால்தான் சரியாக வேலை செய்யும் ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மில்லுக்கு வருவோம். ஓ.எம்.1 கேபிளின் தாங்குதிறன் 850 நானோமீட்டரில் 200 மெகாஹெர்ட்ஸ் கிலோமீட்டர், அதாவது 1 கிலோமீட்டர் தூரத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸ்; தூரம் குறைந்தால் அது கூடும். 180 மீட்டருக்கு வகுத்தால் 1100 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். 1 கிகாபிட்டுக்கு அது போதும். தரநிலையே 275 மீட்டர் வரை விடுகிறது. 10 கிகாபிட்டில் ஒரு பிட்டின் அகலம் 100 பைக்கோ வினாடிக்கும் கீழே. எங்கே போதும்? அதே மாட்யூல் ஓ.எம்.3 கேபிளில் 300 மீட்டர், ஓ.எம்.4 கேபிளில் 400 மீட்டர் போகும். லேசரை மனதில் வைத்து வளைவைத் துல்லியமாக வார்த்த ஃபைபர்கள் அவை.

எல்.ஆர்.எம். என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. பரவி வந்த துடிப்பை வாங்கும் பக்கத்து சிப்பே கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்கும், ஓ.எம்.1 கேபிளில் 220 மீட்டர் வரை வரும். கேட்டதும் துள்ளினேன். நான் வாங்கிய சுவிட்ச் அதை ஏற்காது என்று டேட்டாஷீட்டில் இருந்தது. இந்த முறை படித்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் நின்றிருந்தபோது, பஞ்சுத் தூசிக்கு நடுவே கேபிள் டிரே வழியாகப் புதிதாக 6 கோர் சிங்கிள் மோடு இழுத்தோம். ஒரே வழிதான், முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஆள் இல்லை. லாபத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

"அப்ப இந்த ஆரஞ்சைப் புடுங்கிரலாமுங்களா?" என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். வருகைப்பதிவு மெஷின் இப்போது அதில்தான், பழைய 1 கிகாபிட்டில் ஓடுகிறது. பிரித்த எஸ்.ஆர். மாட்யூல்களைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. யாருக்காவது 33 மீட்டருக்குள் வேலை இருந்தால் சொல்லுங்கள்.