இழுத்து விட்டா மூவா, காப்பியா?

ஒரு ஃபைல மவுஸால இழுத்து இன்னொரு ஃபோல்டர்ல போட்டா அது மூவ் ஆகுமா காப்பி ஆகுமான்னு ஆஃபீஸ்ல கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் மூவ்னு அடிச்சு சொல்வாங்க, மீதிப்பேர் காப்பின்னு சண்டைக்கு வருவாங்க. ரெண்டு கோஷ்டியும் பொய் சொல்லல. பென்டிரைவ்லயே பொழப்ப ஓட்டுறவங்க பார்த்ததெல்லாம் காப்பி, டவுன்லோட்ஸ்ல இருந்து டாக்குமென்ட்ஸுக்கு இழுத்தே பழகினவங்க பார்த்ததெல்லாம் மூவ், அவ்ளோதான் விஷயம்.

விதி என்னன்னா ஒரே டிரைவுக்குள்ள இழுத்தா மூவ், வேற டிரைவுக்கு இழுத்தா காப்பி. விண்டோஸ்ல இப்படித்தான், மேக்லயும் இப்படித்தான், லினக்ஸ்ல குனோம்ங்கிற டெஸ்க்டாப் வச்சிருந்தா அதுலயும் இதேதான். லினக்ஸோட இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ மட்டும் ரொம்ப காலமாவே வேற மாதிரி, நீங்க கைய விட்டதும் மூவ் பண்ணவா காப்பி பண்ணவா லிங்க் போடவான்னு ஒரு குட்டி மெனு வந்து கேக்கும். எரிச்சலா இருக்குன்னு சிலர் திட்டுவாங்க, என்னைக் கேட்டா கேடிஇகாரங்க மட்டும்தான் ஒழுங்கா யோசிச்சிருக்காங்க.

ஏன் இப்படி ஒரு விதின்னா, ஒரே டிரைவுக்குள்ள மூவ் பண்ணும்போது டேட்டா எதுவும் நகர்றதே இல்ல. நிலம் இருந்த இடத்துலயே கிடக்கும், பட்டால பேர் மட்டும் மாறும்ல, அந்தக் கதைதான். அதனாலதான் 4 ஜிபி படத்தை சி டிரைவுக்குள்ளயே இழுத்துப் போட்டா கண் சிமிட்டுறதுக்குள்ள முடியுது, அதையே பென்டிரைவுக்கு இழுத்தா டீ குடிச்சிட்டு வந்தாலும் பச்சைக்கோடு ஊர்ந்துட்டே இருக்கு. (பென்டிரைவ் ஃபாட்32ங்கிற பழைய ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபி ஃபைல் ஏறவே ஏறாது, அது வேற தலைவலி.) வேற டிரைவுக்கு மூவ்ங்கிறது நிஜத்துல முதல்ல காப்பி, அப்புறம் பழைய இடத்துல டெலீட், நடுவுல யாராவது கேபிள பிடுங்கினா கொஞ்சம் இங்க கொஞ்சம் அங்கன்னு நிக்கும், அதனால நாம எதுவும் சொல்லாம விட்டா காப்பியே பண்ணிடுவோம்னு வச்சிருக்காங்க. நியாயம்தான்.

ஆனா இது ஃப்ளாப்பியும் ஹார்டு டிஸ்க்கும் தனித்தனியா கண்ணுக்குத் தெரிஞ்ச காலத்துக்கு சரி. இப்ப எது எந்த டிரைவுன்னு யாருக்குத் தெரியுது? டெஸ்க்டாப்பையே எடுத்துக்கோங்க, அது பெரும்பாலும் சி டிரைவ்ல இருக்கிற ஒரு ஃபோல்டர்தான், அதனால டவுன்லோட்ஸ்ல இருந்து டெஸ்க்டாப்புக்கு இழுத்தா மூவ், டி டிரைவ்ல இருந்து அதே டெஸ்க்டாப்புக்கு இழுத்தா காப்பி. கிளவுட் வந்தப்புறம் இன்னும் மோசம். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போடுறவங்க மனசுல "அப்லோட் பண்றேன், என்கிட்ட ஒரு காப்பி இருக்கும்"னுதான் நினைப்பு, ஆனா அந்த ஃபோல்டரும் சாதாரணமா சி டிரைவ்லயே உக்காந்திருக்கு, அதனால ஃபைல் மூவ் ஆயிடும். அப்புறம் ஒருநாள் கிளவுட்ல இடம் பத்தலன்னு அங்க டெலீட் பண்ணுவாங்க, இருந்த ஒண்ணும் போச்சு. பர்சனல் அக்கவுன்ட்னா ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்ல 30 நாள் கிடக்கும், அதுக்குள்ள ஞாபகம் வந்தா எடுத்துடலாம். கூகுள் டிரைவ ஸ்ட்ரீமிங் மோட்ல (ஃபைல் கிளவுட்லயே இருக்கும், திறக்கும்போது மட்டும் இறங்கும்) வச்சிருந்தா விண்டோஸ்ல அது ஜி மாதிரி ஒரு தனி டிரைவா தெரியும், அங்க இழுத்தா காப்பி. ரெண்டுமே பாக்க ஒரே மாதிரி மேக ஐகான், நடக்கிறது நேர் எதிர்.

கீபோர்டு இருக்கு, பயன்படுத்தலாம். விண்டோஸ்ல இழுக்கும்போது கன்ட்ரோல் பிடிச்சா கண்டிப்பா காப்பி, ஷிஃப்ட் பிடிச்சா கண்டிப்பா மூவ், ஆல்ட் பிடிச்சா ஷார்ட்கட். மேக்ல ஆப்ஷன் பிடிச்சா காப்பி, கமாண்ட் பிடிச்சா மூவ். நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு, கன்ட்ரோல முதல்ல விட்டுட்டு அப்புறம் மவுஸ விடுறாங்க, மவுஸ விடுற நொடியில எந்த கீ அழுந்தியிருக்கோ அதுதான் கணக்கு, அதனால முதல்ல மவுஸ விடுங்க. கர்சர் பக்கத்துல பிளஸ் குறி இருந்தா காப்பி, அதைப் பார்த்துட்டு விட்டா போதும், சந்தேகமா இருந்தா எஸ்கேப் அடிச்சா இழுத்ததே இல்லன்னு ஆயிடும்.

இதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிக்கிறதுன்னா, விண்டோஸ்ல ரைட் பட்டன அழுத்திட்டு இழுங்க. விட்டதும் காப்பியா மூவா ஷார்ட்கட்டான்னு மெனு வரும், வேணாம்னா கேன்சல். எங்க வீட்டுல பெரியவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிறது இது ஒண்ணுதான், சி டிரைவ் டி டிரைவ் பாடமெல்லாம் எடுக்கிறதில்ல. லேப்டாப் டச்பேட்ல இது கொஞ்சம் கை வலிக்கும், அங்க பேசாம கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி.

கேமரா கார்டுல இருந்து கல்யாண போட்டோ எடுக்கிறவங்க மட்டும் தயவுசெஞ்சு ஷிஃப்ட் பக்கமே போகாதீங்க, காப்பி பண்ணி, திறந்து பார்த்து, இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி போட்டுட்டு, அப்புறம் கார்ட கேமராலயே ஃபார்மட் பண்ணுங்க.

அப்புறம் ஆஃபீஸ் ஷேர்டு ஃபோல்டர். "ஜிஎஸ்டி ஃபோல்டர காணோம், யாரு டெலீட் பண்ணது"ன்னு ஒரு பஞ்சாயத்து எல்லா ஆஃபீஸ்லயும் ஓடும். பெரும்பாலும் யாரும் டெலீட் பண்ணியிருக்க மாட்டாங்க, டபுள் கிளிக் பண்ணும்போது கை லேசா நகர்ந்து பக்கத்து ஃபோல்டருக்குள்ள விழுந்திருக்கும், ஒரே ஷேருக்குள்ளங்கிறதால மூவ், சத்தமில்லாம ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். முதல்ல பக்கத்து ஃபோல்டர்கள திறந்து பாருங்க. இழுத்தவர் உடனே கவனிச்சா கன்ட்ரோல் இசட் போதும். அடிக்கடி நடக்குதுன்னா விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ் எல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரில கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் கீழ டிராக்விட்த், டிராக்ஹைட்னு ரெண்டு இருக்கு, சும்மா விட்டா 4 பிக்சல்தான், அதாவது 4 பிக்சல் நகர்ந்தாலே இழுக்கிறீங்கன்னு விண்டோஸ் முடிவு பண்ணிடும், அதை 20, 30ன்னு ஏத்திட்டு லாக்அவுட் பண்ணி வந்தா கை நடுங்குறவங்களுக்கும் பிரச்சினை குறையும்.

ஏற்கனவே காப்பி ஆகி ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் கிடந்தா எது பழசுன்னு கண்டுபிடிக்க ப்ராப்பர்ட்டீஸ்ல தேதிய பாருங்க. விண்டோஸ்ல இழுத்து காப்பி பண்ணா கிரியேட்டட் தேதி புதுசாயிடும், மாடிஃபைட் தேதி பழசே இருக்கும். மாடிஃபைட் ஆன தேதிக்கு அப்புறம் கிரியேட் ஆன ஃபைல்னு காட்டினா குழம்பாதீங்க, அதுதான் காப்பி.