பாதி நேரம் வந்தாலும் போதும்

அகப்பக்கத்தில் ‘சேவை உண்டு’ என்று வந்தது. நான் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு ‘வராது பாட்டி’ என்று சொன்னேன். இரண்டும் ஒரே நிறுவனம் சொன்னதுதான், கம்பத்திலிருந்து ரேடியோ அலையில் வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் எங்கள் நிறுவனம். அந்த ‘வராது’வை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சில நாள் நான் சொன்னது சரி என்று படுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

அகப்பக்கத்தின் கதை சின்னது. முதலாளி எங்கோ ஓர் ஆயத்த வடிவமைப்பை வாங்கிப் போட்டார். அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் சேவை உண்டா இல்லையா என்று பச்சையிலோ சிவப்பிலோ பதில் சொல்லும் கட்டம் ஒன்று அதில் இருந்தது. மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு 45600. (ஊர்ப்பெயரை மாற்றி இத்தனை வருடமாகியும் எங்கள் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பசார் பக்கத்துக் கடைவரிசைக்கும் அதே எண்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் போய்க் கிடக்கும் லயத்துக்கும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கும், அதே எண்தான். தெருப்பெயர் கேட்கும் இடத்தில் தோட்டத்து ஜனங்கள் தோட்டத்தின் பெயரையே எழுதுவார்கள். கட்டம் எதையும் ஏற்றுக்கொள்ளும். 45600 என்றால் பச்சைதான்.

2021 ஜனவரி. கோவிட்டால் பள்ளிகள் மறுபடியும் மூடி, வீட்டிலிருந்தே படிக்கும் இல்லிருப்புக் கற்றல் என்று ஆரம்பித்த நேரம். பாட்டியின் பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அகப்பக்கத்தில் விண்ணப்பப் பாரத்தை நிரப்பியது அவள்தான் என்று பிறகு தெரிந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுச் சாலைத்தடுப்பில் வேலைக் கடிதத்தைக் காட்டிவிட்டு ஏணியோடு போய்ச் சேர்ந்தேன். லயத்தில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். தமிழ்க் குடும்பங்கள் கோயில் பக்கத்து வரிசையில் கொஞ்சம்தான் மிச்சம். பாட்டியின் மகன் தோட்டத்து லாரி ஓட்டுகிறார், அவர் பேரில் வீடு.

ஆறு மீட்டர் இரும்புக் குழாயின் நுனியில், அலையை வாங்கும் ரேடியோவைக் கட்டி, மகன் கீழே பிடித்துக்கொள்ள, தகரக் கூரையை ஒட்டி நிமிர்த்தினோம். வராந்தாவில் ஒரு நாற்காலியின்மேல் ரேடியோவுக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி. கைப்பேசியில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண் மைனஸ் 84 என்று வந்தது. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. குழாயை மெல்லத் திருப்பத் திருப்ப 82, 81. அதற்குமேல் அசையவில்லை. எங்கள் மற்ற வீடுகளில் மைனஸ் 61, 62 என்று இருக்கும். இருபது எண் வித்தியாசம் என்றால் வந்துசேரும் ஆற்றலில் நூறு மடங்கு வித்தியாசம். பிங் அடித்து, அதாவது சின்னச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், பத்துக்கு இரண்டு மூன்று திரும்பவே இல்லை.

“என்னப்பா சொல்லுது?” என்றார் பாட்டி.

“வராது பாட்டி.”

“பச்சை லைட்டு எரியுதே?”

நாற்காலியில் இருந்த பெட்டியைத்தான் சொன்னார். அதில் பச்சை எரிந்தால் கரண்டு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சொன்னேன். பேத்தி ஒன்றும் பேசாமல் கைப்பேசியை நீட்டினாள். ‘சேவை உண்டு’ பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள்.

“அது சும்மா, ஏரியாவுக்குப் பொதுவா போட்டது மா,” என்றேன்.

“பாதி நேரம் வந்தாலும் போதும் தம்பி,” என்றார் பாட்டி. “இப்ப பாதியும் இல்லையே.”

“பாதி நேரம் வந்தா, மீதிப் பாதிக்கு நீங்க என்னைத்தான் ஏசுவீங்க.”

“ஏச மாட்டேன்பா.”

நான் சிரித்துக்கொண்டே குழாயை இறக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை, பாட்டி சூடாக மைலோ கூடக் கலக்கிக் கொடுத்தார்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியாயம் இல்லாமல் இல்லை.

பட்டணத்தில் கடைக் கூரைமேல் நிற்கும் எங்கள் கம்பம் தரையிலிருந்து 20 மீட்டர். பாட்டி வீட்டில் குழாயின் நுனி 6 மீட்டர்தான் வரும். லயத்துக்குப் பின்னால் நிற்கும் செம்பனை நட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆனது, 12 மீட்டராவது இருக்கும். ஆக, ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தது டவரை அல்ல, மட்டைகளை. மரத்துக்கு மேலே கண்ணுக்குக் கம்பம் தெரிந்தாலும் போதாது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் நாலு கிலோமீட்டருக்கு, பாதையின் நடுவில் சுற்றிலும் 7 மீட்டர் வரை அலை பரவிப் போகும். அதில் பெரும்பகுதி வெட்டவெளியாக இருந்தால்தான் லைன் ஒழுங்காக நிற்கும். மழை பெய்தால் லைன் போகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். இந்தத் தூரத்தில் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நனைந்த மட்டைதான் குடிக்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பாட்டியிடம் நான் சொல்லாத காரணமும் அதுதான். அந்தப் பக்கம் பார்த்திருக்கும் ஆண்டெனா ஒன்று. அதில் தாமான் (பட்டணத்துக் குடியிருப்பு) வீடுகள் இருபதுக்கு மேல். எல்லா வீட்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே அலைவரிசை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் நன்றாக இருக்கும் வீடு 65 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசி முடித்துவிட்டு ஒதுங்கும். பாட்டி வீட்டு ரேடியோ 6.5-இல் பேசும். அதே ஒரு படம், அதே ஒரு பாடம், பத்து மடங்கு நேரம். போய்ச் சேராதவற்றை மறுபடி மறுபடி அனுப்புவது தனி. தோட்டத்து மண் சாலையில் குலை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய மோட்டார்சைக்கிள்கள் கதைதான், முந்தவும் முடியாது, ஒதுங்கவும் இடமில்லை. அந்த இருபது வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் இல்லிருப்புக் கற்றல்தான்.

இதற்குமுன் ஒரு வீட்டுக்கு இரக்கப்பட்டுப் போட்டுக் கொடுத்ததும் உண்டு. எதிரே இளம் செம்பனை, அப்போது சிக்னல் பிரமாதம். செம்பனை வருடத்துக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளரும். மாதாமாதம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண் மட்டும் மைனஸ் 66, 68, 71 என்று இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் அந்த வீட்டுக்காரர் முதல் வருடம் இருந்த வேகத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களை ஏசினார். “மரம் வளர்ந்துவிட்டது அண்ணே” என்றால் யார் ஒப்புக்கொள்வார்? நாங்கள் ஏதோ கையை வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். ‘ஏச மாட்டேன்’ என்று பாட்டி சொன்னபோது நான் சிரித்ததற்கு அவர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கருவியும் அப்போது கையில் அதிகம் இல்லை. சில்லுப் பற்றாக்குறையால் கேட்ட ரேடியோ கேட்ட நேரத்தில் வராத காலம் அது. இங்கே இடி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் விழுந்தாலே கேபிள் வழியாக வந்து ரேடியோவில் கேபிள் செருகும் துளையைக் கருக்கிவிடும். மண்கம்பி அடித்தாலும், தடுப்பான் போட்டாலும், ஒரு பெரிய மழைக்கு மறுநாள் நாலைந்து வீடு செத்துக் கிடக்கும். மாற்றிப் போடவே கையிருப்பு பற்றாத நேரத்தில், தடுமாறப் போகிற வீட்டுக்கு ஒன்றை எடுத்து மாட்டுவதா?

இவ்வளவும் சரி. இதையெல்லாம் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார்கள்.

ஆனால் பாட்டி கேட்டது இது இல்லை. அவர் கேட்டது பாதி. நான் என் மனதில் வைத்து அளந்தது முழுசு. ஒரு பிள்ளை நாள் முழுக்கக் காணொலி வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அதற்கு இந்த லைன் தாங்குமா என்று பார்த்து, தாங்காது என்றேன். பிறகு அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் வேறு வேலையாகப் பேசியபோது தெரிந்தது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் காணொலி வகுப்பே வைப்பதில்லையாம். காலையில் பயிற்சித் தாளைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடுவார்கள், ராத்திரிக்குள் பிள்ளைகள் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதற்கு மைனஸ் 81 போதும். பத்தில் மூன்று தொலைந்தாலும், மறுபடி மறுபடி போய் எப்படியும் ராத்திரிக்குள் சேர்ந்துவிடும். பேத்தியிடம் ‘பள்ளியில் என்ன கேட்கிறார்கள்?’ என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. எண்ணைப் பார்ப்போம், முடிவு சொல்வோம்.

என்னோடு வேலை செய்யும் பையன் இதைக் கேட்டுவிட்டு, “512-இல் பூட்டிக் கொடுத்திருக்கலாமே அண்ணே,” என்றான். வேகத்தை 512 கேபிஎஸ்ஸில் கட்டிவிட்டால், அந்த வீடு மற்றவர்கள் நேரத்தில் எவ்வளவு தின்னும் என்பதும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். 512 என்பது ஏறக்குறைய அரை எம்பிபிஎஸ். 6.5-இல் அரை என்றால் பதின்மூன்றில் ஒரு பங்கு. மறுபடி அனுப்புவதையும் மற்ற சேதாரத்தையும் சேர்த்து இரண்டு மடங்கு வைத்தாலும் ஆறில் ஒரு பங்குக்குள்தான் வரும். அதுவும் அவள் விடாமல் எதையாவது இறக்கிக்கொண்டே இருந்தால்தான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குக் குழாயடியில் நிற்கும்போது அது தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டேனா என்பதைத்தான் இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, சாலைத்தடுப்பைத் தாண்டித் திரும்ப வேண்டும். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சும்மா விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் உயரமானது தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஒரு ரேடியோவை வைத்து அங்கிருந்து லயத்துக்கு இறக்கினால் பாட்டி வீடு மட்டுமல்ல, வரிசை முழுவதும் நல்ல சிக்னலில் வரும். பம்பு அறையில் கரண்டும் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நல்லவிதமாகத்தான் பேசினார். தொட்டி கம்பெனிச் சொத்து, கடிதம் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். கொடுத்தோம். மேலே போனது. இறங்கவில்லை.

அகப்பக்கத்தையும் மாற்றச் சொன்னேன். “பச்சையைக் குறைச்சா யாரு கூப்பிடுவா?” என்றார் முதலாளி. வீண் அலைச்சல் மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்று பேசி, கடைசியில் 45600-ஐ இரண்டாகப் பிரித்தோம். தாமான்களுக்குப் பச்சை. தோட்டத்துக்கு, ‘நேரில் பார்த்த பிறகே உறுதி சொல்ல முடியும்’ என்று ஒரு வரி. முதலாளி சொன்னதுதான் நடந்தது, தோட்டத்திலிருந்து அழைப்பு குறைந்துபோனது. இது நேர்மை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்தப் பொய்ப் பச்சையாவது ஒரு ஆளை ஏணியோடு லயம் வரைக்கும் வரவழைத்தது. அந்த வரியைப் படித்துவிட்டு, நமக்கு வராது என்று தாமே முடிவு செய்துகொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

பாட்டி வீட்டில் இப்போது லைன் தேவைப்படாது. பெரிய நிறுவனம் ஒன்று அந்தச் சாலையில் 4ஜி டவர் போட்டுவிட்டது. பேத்தியும் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. பின்னால் நின்ற செம்பனையை மறுநடவுக்காக வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது கையில் ரேடியோ இருந்தது. சும்மா தூக்கிப் பார்த்தேன். மைனஸ் 63.

பையன் இப்போது தடுமாறும் வீடுகளுக்கும் 512-இல் பூட்டிப் போட்டுக் கொடுக்கிறான். “பாதிதான் வரும்” என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறான். சந்தாவும் பாதிதான் வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டான். சில வீடுகளில் பேசாமல் பயன்படுத்துகிறார்கள். சில வீடுகள் கையெழுத்துப் போட்டதை மறந்துவிட்டு எனக்கு அழைத்து ஏசுகின்றன, மழை நாளில் தாமான்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஏசுகிறவர்களிடம் நான் அவனுக்காகப் பேசுகிறேன். அவன் போடுவதைத் தடுக்கவும் இல்லை. ஆனால் நான் போகிற வீட்டில் எண் மைனஸ் 80-க்குக் கீழே போனால், இன்றைக்கும் குழாயை இறக்கிவிட்டுத்தான் வருகிறேன்.