பாகு குடித்த பாபா

ஜாங்கிரியை வாயில் வைப்பதற்கு முன் விரலால் லேசாக அழுத்திப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அழுத்தினால் பாகு கசிய வேண்டும். விரலை எடுத்தால் பிழிந்த வடிவம் குலையாமல் மேலே எழ வேண்டும். மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு மாஸ்டராக இருந்த அப்பா, இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் தட்டைக் கடைக்கு அனுப்புவார். சென்ற மார்ச் மாதம் பாரிஸில் ஒரு மர மேசைக்கு முன் நின்றபோது, என் கை தானாகவே அந்த வழக்கத்துக்குப் போயிற்று.

லா ஷப்பேல் பகுதியில் வசிக்கும் சித்தப்பா மகனிடம், வேறெங்கும் அழைத்துப் போகாவிட்டாலும் பரவாயில்லை, மோந்தொர்கெய் வீதியின் 51ஆம் எண்ணில் உள்ள ஸ்தோரேர் கடைக்கு மட்டும் கூட்டிப் போ என்று முன்பே சொல்லியிருந்தேன். 1730இல் தொடங்கப்பட்ட அந்தக் கடைதான் பாரிஸ் நகரின் மிகப் பழைய இனிப்புக் கடை. போலந்து அரசர் ஸ்தனிஸ்லாஸின் மகள் மரி, 1725இல் பதினைந்தாம் லூயி மன்னரை மணந்து வெர்சாய் அரண்மனைக்கு வந்தபோது, அவருடன் வந்த சமையல் கலைஞர் நிக்கோலா ஸ்தோரேர். அரண்மனை வேலையில் இருந்தவர் ஐந்து ஆண்டுகளில் தெருவில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. கடை மிகச் சிறியது. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட இடமில்லாததால், வாங்கியதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு பக்கத்துத் தேநீர்க் கடையில் அனுமதி கேட்டு, அங்கிருந்த உயரமான மேசையில் பிரித்தோம்.

முதலில் எடுத்தது ‘பியூய் தமூர்’, அதாவது காதல் கிணறு. நம் ஊர் பப்ஸ் போல ஏடு ஏடாக எழுந்த மாவுக் கிண்ணம், அதற்குள் வனிலா மணக்கும் கெட்டியான பால்க்கூழ், அதன் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டெடுத்த சர்க்கரை. கரண்டி பட்டதும் அந்த மேல்தளம் கண்ணாடி போல உடைந்தது. பாகு ஒரு நொடி கருகினாலும் சட்டியோடு கொட்டிவிடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு, வேண்டுமென்றே கருக்கிய சர்க்கரையின் இளங்கசப்பு அந்தப் பால் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிற விதம் புதிதாக இருந்தது. சாக்லேட் எக்லேரில் குறை சொல்ல ஒன்றுமில்லை; நினைவில் நிற்கவும் இல்லை.

பிறகு பாபா, அதாவது பாகில் ஊறவைத்த ஈஸ்ட் கேக். “அண்ணே, இதுல ரம் வாசம் தூக்கலா இருக்கும். வேணாம்னா சொல்லுங்க, வேற வாங்கிக்கலாம்” என்றான் தம்பி. நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் இதற்காகவே இவ்வளவு தூரம் வந்திருந்தேன். கட்டை விரலை விடச் சற்றுத் தடித்த, பளபளக்கும் பழுப்பு நிற உருளை. அழுத்தினேன். பாகு கசிந்தது; விரலை எடுத்ததும் எழுந்து நின்றது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் பாகு. ஜாங்கிரிக்கு நாம் கம்பிப் பதம் பார்க்கிறோம். இதற்கு ஊற்றியிருந்த பாகோ விரல்களுக்கு இடையே இழையே ஓடாத அளவுக்கு நீர்த்தது. அதனால்தான் முழுவதையும் தின்ற பிறகும் திகட்டவில்லை. ரம்மின் காரம் தொண்டையில் சிறிது நேரம் இருந்தது.

உலர்ந்துபோன கேக் ஒன்று தொண்டையில் இறங்கவில்லை என்று ஸ்தனிஸ்லாஸ் அரசர் அதை இனிப்பு மதுவில் நனைக்கச் சொன்னதிலிருந்துதான் பாபா பிறந்தது என்பார்கள். ரம் சேர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. இந்தக் கதையில் பலரும் மதுவைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உலர்ச்சி. ஈரம் போன மாவுதான் பாகை உறிஞ்சும். ஈரத்தோடு இருக்கும் மாவு பாகைக் கண்டதும் குழைந்துவிடும்.

இதை மதுரைக்கு வந்துதான் கைப்பட உணர்ந்தேன். மைதா, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட் சேர்த்து, பரோட்டா மாவுக்கு அடிப்பது போல இழுபடும் வரை அடித்து வைத்தேன். சித்திரை வெயிலில் மாவு முக்கால் மணி நேரத்திலேயே பொங்கி வழிந்து புளித்த வாடை அடித்ததால், அடுத்த முறை ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாகப் பொங்க விட்டேன். ரம்முக்குப் பதிலாக ஆரஞ்சுத் தோலும் ஏலக்காயும் போட்டுப் பாகு காய்ச்சினேன். சுட்ட அன்றே ஊறப்போட்டவை அடியில் கூழாகி உட்கார்ந்தன. மிச்சம் ஆறை மூங்கில் தட்டில் பரப்பி, இரண்டு நாள் ஆறவிட்ட பிறகு, அவற்றில் ஒன்றை மட்டும் வெதுவெதுப்பான பாகில் போட்டேன். அது ஊதிப் பெருத்து, உடையாமல் மேலே வந்தது.

அப்பாவுக்கு இப்போது இனிப்பு கூடாது. தட்டை அருகில் இழுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். பாகு கசிந்தது, எழுவதற்குச் சற்றுத் தாமதித்தது. ஊறாமல் இருந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துத் தட்டினார்.

“இதெல்லாம் இன்னும் ஒரு நாள் காயட்டும்பா” என்றார்.